'றிஸ்க்' எடுத்தவர் யார்?

2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்து, மலைப்பிரதேசங்களில் மண் சரிந்து, மக்கள் புதையுண்ட நாட்களின் பின்னர் ஒரு மாலை, நண்பர் ஒருவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "அவையள் றிஸ்க் எடுத்துத்தானே அங்கை இருந்தவை." அவர் கொடியவர் அல்லர், நிவாரணப் பொருள் சேகரிக்க எம்மோடு வீடு வீடாக அலைந்தவர். அவ்வாக்கியத்தின் கொடுமை அவருடைய நெஞ்சில் இல்லை, அவர் கையாண்ட சொல்லிலேயே இருந்தது. அச்சொல்லோடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு.

'றிஸ்க்' என்பதும் 'டேஞ்சர்' என்பதும் ஒருபொருட் சொற்கள் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து இவை வெவ்வேறு குலத்தைச் சேர்ந்தவை என்பது புலனாகும். 'றிஸ்க்' இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. கடல் வணிகரும் காப்புறுதி செய்வோரும் வளர்த்த சொல் அது. வணிகன் சரக்கைக் கப்பலில் ஏற்றுகிறான். கப்பல் மூழ்கவுங்கூடும், பன்மடங்கு இலாபத்தோடு கரை சேரவுங்கூடும். இரண்டையும் அறிந்தே அவன் அதில் இறங்குகிறான். ஆகவேதான் ஆங்கிலேயர் இதனை 'எடுப்பது' என்ற வினையோடு சேர்த்து வழங்குகின்றனர். இதற்கு உறவான 'ஹஸாட்' என்ற சொல்லோ ஆதியில் ஒரு சூதாட்டத்தின் பெயர். சூதாடியையும் எவரும் இழுத்துவந்து இருத்துவதில்லை.

'டேஞ்சர்' என்பதன் கதை வேறு. எசமான் எனப் பொருள்படும் 'டொமினஸ்' என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் பொருள் பிரபுவின் அதிகாரம், பிறனுக்குத் தீங்கிழைக்க அவனுக்குள்ள வல்லமை என்பதாகும். சேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வழக்கு மன்றிலே போர்சியா, அன்டோனியோ ஷைலொக்கின் பிடியில் உள்ளானா என வினவும்போது இச்சொல்லையே ஆள்கிறாள். காலப்போக்கில் சொல்லிலிருந்து பிரபு மறைந்துவிட்டான். அச்சம் மாத்திரம் எஞ்சிற்று. அப்பழம்பொருளைத் தமிழில் தருவதாயின் 'துரைத்தனம்' என்பேன். மலையகத்திற் பிறந்தவருக்கு இதற்கு மேல் உரை வேண்டியதில்லை.

இனி லயத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலைச்சரிவு இறங்கிற்று. லயங்கள் மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்புவதற்கு வீடு இருக்கவில்லை. அவ்விடம் பாதுகாப்பற்றது என 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது எனப் பின்னர் அதிகாரிகள் கூறினர். மக்கள் அறிந்திருந்தனர், அறிந்தும் அகலவில்லை, ஆகவே 'றிஸ்க்' எடுத்தனர் என்ற வாதம் அன்றே பிறந்துவிட்டது.

எச்சரித்த ஆய்வாளர்களை நான் குறைகூற வரவில்லை. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கும் அளவுகள் உயிர் காப்பவையே. என் வினா வேறு: வெளியேறி எங்கே செல்வது? லயத்தைச் சரிவிலே கட்டியவன் தொழிலாளி அல்லன். காட்டை வெட்டித் தேயிலையாக்கியது அவன் உழைப்பு, தீர்மானம் அவனதன்று. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இத்தனை கைமாற்றங்களிலும் லயக் காம்பராவும் அது நின்ற நிலமும் அதில் வாழ்ந்தவனின் கைக்கு வரவில்லை. லயத்தை விட்டால் கூரையோடு பிழைப்பும் போய்விடலாம் என்று அஞ்சுகிறவனைப் பார்த்து, 'தெரிந்து கொண்டாய்' என்கிறோம். வணிகன் நட்டத்துக்கு இசைந்தது இலாபமும் தனதே என்பதனால். இங்கே தேயிலையின் இலாபம் ஒருவர்க்கும் மலையின் மண் இன்னொருவர்க்குமாகப் பங்கிடப்பட்டுள்ளது. அன்டோனியோவாவது பத்திரத்தில் தன் கையாலே கைச்சாத்திட்டவன். லயத்திற் பிறந்த குழந்தை எதிற் கைச்சாத்திட்டது?

சொல்லைப் பற்றி இத்தனை ஆரவாரம் ஏன், மொழிபெயர்ப்பிலே எல்லாம் சரியாகிவிடும் எனச் சிலர் கூறுவர். ஆகவில்லை. 'இடர்' என்ற ஒரே சொல் 'றிஸ்க்' என்பதற்கும் 'ஹஸாட்' என்பதற்கும் மாறிமாறி வழங்கப்படுவதை எம் பாடக்குறிப்புகளிலேயே காணலாம். 'ஆபத்து', 'அபாயம்' ஆகியன நேர்ந்தவனை மட்டுமே காட்டுவன, நேர்வித்தவனைக் காட்டமாட்டா. ('அனர்த்தம்' என்பதை நாம் சட்டத்தின் பெயரிலேயே ஏற்றிவிட்டோம், பதம் பிரித்தால் அர்த்தமின்மை என்றும் வரும் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.) ஆனால் 'றிஸ்க் எடுத்தல்' என்பதற்கு நேரான நல்ல தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு. அது துணிதல். எண்ணித் தெரிந்து இறங்குவதே துணிவு. நண்பரின் வாக்கியத்தில் அதை இட்டுப் பாருங்கள்: 'மழையிரவில் லயத்தில் உறங்கியவர்கள் துணிந்தார்கள்.' சொன்ன மாத்திரத்திலேயே பொய் என்று காதுக்குத் தெரிகிறதல்லவா? ஆங்கிலச் சொல் செய்த உபகாரம் அப்பொய்யை நம் செவிக்கு எட்டாமல் மூடிவைத்ததுதான்.

நண்பரிடம் இதனைக் கூறினேன். "அப்ப அறிவித்தலிலை வேறை என்ன எழுதுறது?" என்று கேட்டார். நிலம் யாருடையது, இன்றிரவு எக்கட்டிடத்தில் தங்குவது, நாளை வேலைக்கு வராவிட்டால் நாட்சம்பளம் உண்டா என்ற மூன்றையும் எழுதட்டும் என்றேன். முதலாவதையும் மூன்றாவதையும் எழுத எவரும் ஒப்பமாட்டார் என்றார் அவர்.