ஒரு நாள் கூத்து

"ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா, தம்பி?" என்று கேட்டார் அடுத்த வீட்டுப் பெரியவர்.

விஷயம் இதுதான். அவருடைய பேத்திக்குப் பதின்மூன்று வயசு, பேரனுக்கு ஒன்பது. சென்னைக்குத் தெற்கே இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போக வேண்டும் என்று இரண்டு பேரும் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைகீழாகச் சுற்றுகிற வண்டி, செயற்கை அலை, மாடி உயரத்திலிருந்து தண்ணீரோடு சறுக்கிக்கொண்டு வந்து விழுகிற குழாய் எல்லாம் அங்கே உண்டு. முதல் வருஷம் ஒரு கல்யாணம் குறுக்கே வந்தது. அடுத்த வருஷம் பாட்டிக்குக் கண் ஆபரேஷன். மூன்றாம் வருஷம் காரணம் சொல்லக்கூட யாரும் சிரமப்படவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து பேத்திக்கு டியூஷன், பரீட்சை என்று ஆரம்பித்துவிடும். அதனால் அவள் என்னிடம் வந்து, "மாமா, உங்களுக்குத்தான் ரயில் டைமெல்லாம் மனப்பாடமாச்சே, ஒரு பிளான் போட்டுக் கொடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெரியவர் மீசையைப் பற்றி விசாரித்தார்.

அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவருடைய வாதத்தோடுதான் சண்டை. அது அவர் ஒருவருடைய வாதமும் அல்ல, தஞ்சாவூர்ச் சீமையில் திண்ணைக்குத் திண்ணை கேட்கிற வாதம். "பெரிய கோயில் வாசலில் நிற்கிறது. கல்லணைக்கு பஸ் போகிறது. ஆயிரம் வருஷத்துப் பெருமையைக் காலடியில் வைத்துக்கொண்டு, எவனோ கட்டின தொட்டியில் குதிக்க முந்நூற்றைம்பது கிலோ மீட்டர் போக வேண்டுமா?"

அந்தப் பெண் பெரிய கோயிலுக்கு எத்தனை தடவை போயிருக்கிறாள் என்று கேட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தோடு இரண்டு தடவை. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது ஒருவர் சொல்கிறாராம். தரையில் விழுந்திருக்கிற நிழலில் நின்றுகொண்டே அவளும் தலையை ஆட்டுகிறாளாம். 1010-ல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்கிற குழந்தையின் வாயை அடைக்கிறதற்கு அதைக் கல்லாக உபயோகிக்கிறோமே, அதுதான் தாங்கவில்லை.

பெரியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஐப்பசிக் கடைசியில் மாயவரத்துக்குக் கடைமுகம் போனார்களே, புண்ணியத்துக்கா போனார்கள்? துலாக்கட்டத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு. மிச்ச நாள் பூராவும் ராட்டினம், பலூன், மிட்டாய், கும்பல். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்ததே பாதிப் புண்ணியம். கடைமுகத்துக்கு நேரத்தில் வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக ஈசுவரன் கார்த்திகை முதல் தேதியும் அதே பலன் உண்டு என்று சொல்லி, முடவன் முழுக்கு என்று ஒரு நாளை நீட்டிக் கொடுத்தார் என்பது ஐதிகம். பிந்தி வந்தவனுக்கு அவ்வளவு தாட்சண்யம் காட்டின ஊர் இது. ஆடிப் பதினெட்டில் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினதும், திருவிழாவுக்குத் திருவிழா மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றுவதை வாயைப் பிளந்து பார்த்ததும் இதே சந்தோஷந்தான். அன்றைக்கு அதன் மேல் கொஞ்சம் விபூதி பூசியிருந்தது. இன்றைக்குப் பூசவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

"சரி, தண்ணீர்தானே வேண்டும்? காவேரியில் குளிக்கட்டுமே" என்கிறார்கள். எப்போது? மேட்டூர் அணை 1934-ல் வந்ததிலிருந்து முறை என்ன? ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் மூடல். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள் என்றால் அதை இன்னும் அதிசயமாகத்தான் பேசுகிறோம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற மாதங்களில் ஆறு வெறும் மணல். அந்த மணலிலும் ஊற்றுத் தோண்டி விளையாடினோம் நாங்கள். இன்றைக்கு எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்கு மணல் அள்ளியிருக்கிறார்கள் என்று தெரியாமல் பிள்ளையை இறங்கச் சொல்ல எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்? குளம் உண்டா என்றால், படித்துறை உண்டு. காவேரிப் பாசனத்துப் பிள்ளைகள் கோடையில் தண்ணீருக்காக ராத்திரி ரயில் ஏறுகிறார்கள் என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்ல.

இனி அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். அதில் எழுதியிருந்ததைச் சொன்னால்தான், ஒரு நாள் கூத்துக்கு எவ்வளவு மீசை போகிறது என்று வாசகர்களுக்கும் புரியும்.

காலையில் கிளம்பி ராத்திரி திரும்புவது என்ற பேச்சே கிடையாது. பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். ஆகவே போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி. தஞ்சாவூரிலேயே புறப்படுகிற உழவன் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியலில் தாம்பரம். அங்கேயே இறங்கிவிட வேண்டும். எழும்பூருக்குப் போனால் வந்த வழியே தெற்கே திரும்ப வேண்டியிருக்கும். வெள்ளி ராத்திரி வேண்டாம், திங்கள் ராத்திரி கிளம்புங்கள். சனி ஞாயிறில் மூன்று நிமிஷச் சுற்றலுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க நேரும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்னால் அது 120 நாளாக இருந்தது. கோடை லீவில் எட்டு மணி என்றால் எட்டே மணிதான், எட்டே காலுக்கு உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்டில் போய் விழும். முக்கியமாக ஒன்று: திரும்புகிற வண்டி மறுநாள் ராத்திரி வண்டி, அதற்குக் கதவு திறப்பதும் மறுநாள் காலைதான். போகிற டிக்கட் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்து, குழந்தைகளோடு கோயம்பேடு, கிளாம்பாக்கம் என்று பஸ்ஸுக்கு அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பேரனுக்கு ஒன்பது வயசு. தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். அம்மாவோடு ஒடுங்கிக்கொண்டால் அரைக் கட்டணம். பாட்டிக்கு மூத்த குடிமக்கள் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் போனது, திரும்பி வரவில்லை. கீழ்ப் படுக்கை மட்டும், இருந்தால், பார்த்துக் கொடுப்பார்கள். பூங்கா வாசலில் வயசைக் கேட்க மாட்டார்கள், பல இடங்களில் உயரத்தை அளப்பார்கள். ஆகவே பேரனை இங்கேயே சுவரில் நிறுத்தி அளந்துவிடுவது உத்தமம். அங்கே போய், இந்த ராட்டினத்துக்கு நீ எட்டவில்லை என்று சொன்னால், அந்த அழுகையை யார் தாங்குவது? வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. புளியோதரையும் தயிர் சாதமும் தாம்பரம் ஸ்டேஷனிலேயே முடிந்துவிட வேண்டும். நம் பெண்டுகளுக்கு இந்த ஒரு விதியை விளங்க வைப்பதுதான் மிகவும் கஷ்டம். சாதத்தை எறிவது என்பது அவர்கள் அகராதியில் இல்லை. சாயங்காலம் பூங்கா மூடின பிறகு ராத்திரி வண்டி வருகிறவரைக்கும் நாலு மணி நேரம் இருக்கிறது. ஈரத் துணியையும் தூங்கி விழுகிற பையனையும் வைத்துக்கொண்டு அதை எப்படிக் கழிப்பது என்பதற்கு என்னிடமே பதில் இல்லை. காகிதத்தில் அந்த இடத்தில் "சமாளிக்கவும்" என்று எழுதியிருந்தேன்.

மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், பாட்டி. ரயில், பூங்கா டிக்கட், தாம்பரத்திலிருந்து வாடகைக் கார் எல்லாம் கூட்டினால் பத்தாயிரத்துக்கு மேல் போகிறது. பெரியவர் உடனே நெல்லாக்கிப் பார்த்தார். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு அரசாங்கக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். "நாலு குவிண்டால் நெல்லை ஒரே நாளில் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறீர்கள்" என்றார். அவருடைய வாதங்களிலேயே நான் மதிக்கிற வாதம் இது ஒன்றுதான். அந்த நாலு குவிண்டாலுக்குப் பின்னால் இருக்கிற முதுகு வலியை அவர் அறிவார். ஆனால் போன தை மாசம் இதே வீட்டுக் காது குத்தில் வாசலுக்கு ஃபிளெக்ஸ் போர்டு வைத்ததையும் பார்த்தேன். அதை யாரும் நெல்லாக்கிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்க்கிறதற்குச் செலவழித்தால் கௌரவம், குழந்தை சிரிக்கிறதற்குச் செலவழித்தால் விரயம்!

"அப்படியானால் இங்கேயே ஒன்று கட்டிவிடலாமே" என்று சில புத்திசாலிகள் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயலை மேடாக்கி ராட்டினம் நட வேண்டாம். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட வேண்டி வந்ததே, அது போதும். தவிர, நாம் கட்டினால் எப்படிக் கட்டுவோம் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 1973-ல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. ஏழு நிலை மாடம், கண்ணகி கதை முழுவதும் கல்லில். சிற்பிகள் கையை முத்தமிடலாம். ஆனால் குழந்தைக்கு அங்கே என்ன வேலை? கையைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்க்க வேண்டும், "இது யார், சொல்லு" என்று அப்பா கேட்டால் சொல்ல வேண்டும். எதிலும் ஒரு பாடம் இருந்தாக வேண்டும் நமக்கு. பாடமில்லாத ஒரு நாள் என்றால் பயம்.

வேண்டியது பூங்கா அல்ல, வண்டி. உலகத்தில் ராட்டினமும் ரயிலும் கூடப் பிறந்தவை. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராம் காலியாக ஓடுகிறதே என்று டிராம் கம்பெனிகளே பாதையின் கடைசியில் கேளிக்கைப் பூங்கா போட்டன. ஜப்பானில் ஒசாகாவிலிருந்து போட்ட ஒரு ரயில் பாதைக்குப் பிரயாணிகள் வேண்டுமென்று தகரஸுகாவில் 1911-ல் வெந்நீர்க் குளியல் மண்டபத்தையும் 1914-ல் பெண்களே நடிக்கிற நாடகக் குழுவையும் ரயில்காரர்கள் ஆரம்பித்தார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் 1992-ல் டிஸ்னி பூங்கா திறந்தது. இரண்டே வருஷத்தில் அதன் வாசலுக்கு அதிவேக ரயில் வந்துவிட்டது. டோக்கியோவில் 1983-ல் பூங்கா, 1988-ல் அதற்கென்று ஸ்டேஷன். நம் சென்னையிலோ பெரிய பூங்காக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் ஒட்டி வளர்ந்தன. 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவும் அந்தத் திசைதான். அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. கார் வைத்திருக்கிறவனுக்காகப் பிறந்த பூங்காக்கள். டெல்டாவுக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது, நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு. அவ்வளவு பழைய ரயில் சீமையிலிருந்து ஒரு குழந்தை ஒரு நாள் விளையாடிவிட்டு வர இரண்டு ராத்திரி வேண்டும்!

என் கோபத்துக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. 1926-ல் போட்டது, முப்பது கிலோ மீட்டர். திருக்கடையூர், பொறையாறு என்று மெல்ல ஊர்ந்து கடலில் கொண்டுபோய் விடும். காலையில் போய், டேனிஷ்காரன் கோட்டைக்குக் கீழே அலையில் ஆடிவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். எங்கள் கிராமம் மாயவரத்துக்குப் பக்கம். வருஷா வருஷம் கோடை லீவில் அப்பாவைக் கேட்பேன். "கடலில் என்ன இருக்கிறது? தண்ணீர்தானே. அது வாய்க்காலிலும் ஓடுகிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் ஓடாது என்று அவருக்கும் தெரியும். 1986-ல் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். இருபத்தாறு வயசில் உத்தியோக காரியமாக பஸ்ஸில் தரங்கம்பாடி போனேன். கால் சட்டையை மடித்துக்கொண்டு அலையில் ஐந்து நிமிஷம் நின்றேன். பையில் கோப்பு இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். 'சமாளிக்கவும்' என்ற இடத்தில் நின்று, "தாம்பரத்தில் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். அங்கே போய் இருந்துவிட்டு வண்டிக்கு வரலாம்" என்றார்.

"நீங்களுமா வருகிறீர்கள், ஐயா?"

"பாட்டியால் இந்தப் பயல்களைக் கட்டி மேய்க்க முடியுமா?" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேஷ்டியோடு உள்ளே விடுவான் இல்லையா?" என்று கேட்டார்.

பூங்காவுக்குள் விடுவான், தண்ணீரில் விடமாட்டான் என்றேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.