எண்ணெய் சுமந்த கப்பல்

உருண்டோடும் பெருந்தேரைக் காண்போர் அதன் உயரத்தையும் அலங்காரத்தையும் கண்டு வியப்பர். சக்கரம் கழன்றுவிடாதபடி காத்து நிற்கும் சிறிய அச்சாணியைக் காண்போர் அரியர். அச்சாணியின் பெருமையை வள்ளுவனார் எடுத்துரைத்திருப்பது தமிழ் கற்ற மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் கடற்போர்ச் சரித்திரம் எழுதுவோர் பலர் அதனை மறந்துவிட்டனர் என்பதே எமது கருத்து. பீரங்கிகளின் தொகையையும் மூழ்கிய கப்பல்களின் பெயரையும் பக்கம் பக்கமாக வரைவோர், அக்கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டு சென்றவர்களுக்கு ஒரு வரியேனும் ஒதுக்குவது அருமை.

இக்காலத்துப் போர்க்கப்பல் பெரும்பாலும் எண்ணெயின்றி ஓரடியும் நகராது. துறைமுகத்திற்கு மீண்டு வந்தே எண்ணெய் நிரப்ப வேண்டுமாயின், பஸிபிக் போன்ற மகா சமுத்திரத்தில் அது நெடுந்தூரம் சென்று போர் புரிதல் இயலாது. ஆதலின் நடுக்கடலிலேயே எண்ணெய் வழங்கும் முறை ஏற்பட்டது. எண்ணெய்க் கப்பலும் போர்க்கப்பலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், அருகருகே செல்லும். இடையில் தொங்கவிடப்பெற்ற குழாய்களின் வழியே எண்ணெய் பாயும். சுக்கான் பிடிப்பவன் சிறிது தவறினும் குழாய் அறும், அல்லது கப்பல்கள் மோதும். அவ்வேளையில் பகைவர் தோன்றினால் விரைந்து திரும்பவும் இயலாது. 1917-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ‘மாமி’ என்னும் எண்ணெய்க் கப்பல் இம்முறையில் நாசகாரிக் கப்பல்களுக்கு எண்ணெய் வழங்கியது. அக்கப்பலில் அப்போது பணியாற்றிய செஸ்டர் நிமிட்ஸ் என்பவரே பின்னாளில் அமெரிக்கப் பஸிபிக் கடற்படைக்குத் தலைவரானார்.

இத்தகைய கப்பல்களுள் ‘நியோஷோ’ என்பதன் வரலாறு நாம் சிந்திக்கத் தக்கது. அமெரிக்கக் கடற்படையினர் தம் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரை இட்டு வந்தனர். நியோஷோ என்பதும் ஓர் ஆற்றின் பெயரே. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இது கடற்படையிற் சேர்ந்தது. நீளம் 553 அடி. வேகம் மணிக்கு 18 கடல் மைல். 1941-ஆம் ஆண்டு டிஸம்பர் 7-ஆம் தேதி காலை, பேர்ல் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கியபோது, நியோஷோ பெரும் போர்க்கப்பல்களின் வரிசைக்கிடையே நின்றிருந்தது. அது விமானப் பெட்ரோல் கொண்டு வந்த கப்பல். ஒரு குண்டு விழுந்திருப்பினும் தானும் எரிந்து அயலிலுள்ளவற்றையும் எரித்திருக்கும். அதன் தலைவர் ஜான் பிலிப்ஸ், குண்டு மாரிக்கிடையே கப்பலை மெல்ல விலக்கிப் பத்திரமான இடத்திற் சேர்த்தார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் பவளக் கடலில் அதன் முடிவு நேர்ந்தது. 6-ஆம் தேதி ‘யார்க்டௌன்’ என்னும் விமானந் தாங்கிக்கும் ‘அஸ்டோரியா’ என்னும் குரூஸருக்கும் எண்ணெய் வழங்கிவிட்டு, ‘ஸிம்ஸ்’ என்ற ஒரே நாசகாரிக் கப்பலின் துணையுடன் தெற்கே அனுப்பப்பட்டது. மறுநாட் காலை அதனைக் கண்ட ஜப்பானிய வேவு விமானிகள், விமானந் தாங்கியெனத் தவறாக அறிவித்தனர். உடனே 78 விமானங்கள் அதனை நாடி வந்தன. ஸிம்ஸ் மூழ்கியது, அதில் தப்பினோர் மிகச் சிலர். நியோஷோவின்மீது ஏழு குண்டுகள் விழுந்தன. அடிபட்ட விமானம் ஒன்றும் அதன்மீது வந்து மோதியது. ஜப்பானியர் இவ்வாறு எண்ணெய்க் கப்பலின்மேல் தம் வலியைச் செலவிட்ட அதே பகலில், அமெரிக்க விமானிகள் ‘ஷோஹோ’ என்னும் ஜப்பானிய விமானந் தாங்கியை மூழ்கடித்தனர். தங்களை அறியாமலே பிறர்மேல் விழவேண்டிய அடியை இம்மாலுமிகள் தாங்கினர் என்னலாம்.

அக்கப்பலில் ஆஸ்கார் பீட்டர்ஸன் என்பவர் பாய்லர்களைக் கவனிக்கும் பணியாளருட் தலைவர். தாமும் தம் துணைவரும் படுகாயமுற்ற நிலையில், உதவியொன்றும் இன்றி, நீராவிக் குழாய்களின் வால்வுகளைத் தம் கையாலேயே மூடினார். அப்போது மேலும் வெந்து புண்பட்ட அவர் அக்காயங்களினாலே உயிர் நீத்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. ‘பீட்டர்ஸன்’ என்று ஒரு கப்பலுக்குப் பெயரும் இட்டனர். ஆயினும் அவருடைய மைந்தரை அழைத்து, சபை கூட்டி, முறைப்படி மரியாதை செய்தது 2010-ஆம் ஆண்டிலேதான். அதற்குள் 68 ஆண்டுகள் கழிந்துவிட்டன. போர்க்களத்தில் துப்பாக்கி ஏந்தி மடிந்தவராயிருப்பின் இத்துணைக் காலம் தாழ்த்தியிருப்பரோ?

புகழ்வதற்காக உண்மையை மறைத்தலும் தகாது. ‘கப்பலை விட்டு நீங்குதற்கு ஆயத்தமாகுக’ என்று தலைவர் இட்ட கட்டளையைப் பலர் ‘நீங்குக’ என்றே கொண்டனர், கடலிற் குதித்தனர், மிதவைகளில் ஏறி அலைகளாற் கொண்டுபோகப் பட்டனர். கப்பல் நின்ற இடத்தைக் கணக்கிட்டு அனுப்பிய செய்தியிலும் பிழை நேர்ந்தது. ஆதலின் தேடி வந்தோர் வேறிடத்தில் தேடினர். உடைந்த கப்பலோ நான்கு நாள் மிதந்தது. 11-ஆம் தேதி ‘ஹென்லி’ என்னும் நாசகாரிக் கப்பல் வந்து 123 பேரை மீட்டது. பின்னர் நியோஷோவை மூழ்கடித்தது. மிதவைகளிற் சென்ற 68 பேருள் சில நாட் கழித்து ‘ஹெல்ம்’ என்னும் கப்பல் உயிருடன் கண்டெடுத்தவர் நால்வரே. அவருள்ளும் இருவர் பின்னர் இறந்தனர். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதும் ஓர் எண்ணைத் தவறாகக் குறித்ததும் இத்துணை உயிர்களைக் கொண்டன. சிறு வேலையென்று ஒன்று இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

‘எண்ணெய் ஊற்றுவது கூலி வேலையன்றோ? போரிடுபவனுக்கும் அவனுக்கும் சமமான புகழ் எப்படிப் பொருந்தும்?’ என்று சிலர் வினவக்கூடும். போரிடுபவன் திருப்பி அடிக்கும் வலிமையுடன் ஆபத்தை எதிர்கொள்கிறான். எண்ணெய்க் கப்பலில் உள்ளவனோ சில சிறு பீரங்கிகளையே துணையாகக் கொண்டு, தீப்பற்றும் பொருளின்மேல் நின்றுகொண்டே, அதே ஆபத்தை எதிர்கொள்கிறான். வெற்றி பெற்றால் அதன் புகழ் பிறர்க்குரியது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தன் கடனைச் செய்பவனது மனத்திண்மை எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியர் பதின்மரின் உவமையை நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். பதின்மர் கையிலும் விளக்கு இருந்தது. எண்ணெய் கொண்டுபோன ஐவருடைய விளக்கே நள்ளிரவில் எரிந்தது. விளக்கின் ஒளியைக் கண்டு மகிழும் நாம் எண்ணெய் வார்த்த கையையும் நினைத்தல் வேண்டும். நாளை சரித்திரம் கற்பிக்கவும் எழுதவும் போகின்ற மாணவ நண்பர்கள், பவளக் கடற்போரைக் கூறும்போது யார்க்டௌன் என்னும் பெயருக்குப் பக்கத்தில் நியோஷோ என்னும் பெயரையும் எழுதுவார்களாயின், நீண்ட காலத்துக் கடன் ஒன்று சிறிதேனும் தீரும்.