அனுப்புநர் முகவரியைப் பூட்டினால் மோசடி நிற்குமா?

"பயனர் விரும்பிய அனுப்புநர் முகவரியில் எழுத மெயில் சர்வரில் இடம் கொடுக்காதே, கொடுத்தால் மோசடிக்குக் கதவு திறந்தது." சர்வர் நிர்வாகிகளிடையே இது எழுதாத சட்டம்.

திருப்பாலைவனம் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்று சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்திருப்பதாகக் கொள்வோம். கணக்கர் ஒருவரே இறால் வாங்கும் கம்பெனிக்கு 'விற்பனை' முகவரியிலும், மீன்வளத் துறைக்குச் 'செயலாளர்' முகவரியிலும் எழுத வேண்டும். மேற்படி சட்டப்படி அவருக்கு வழியில்லை.

ஆனால் மோசடிக்காரனுக்கு உங்கள் சர்வரே தேவையில்லை. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. விதிமுறை, அனுப்புகிறவர் சொன்ன பெயரை அப்படியே நம்பியது. இன்றும் எங்கிருந்தும் உங்கள் முகவரியைப் போட்டு அனுப்பிப் பார்க்கலாம். அதைப் பெறுகிற சர்வர் கண்டுபிடிக்க உதவுபவை, டி.என்.எஸ்.ஸில் நீங்கள் பதியும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகிய சரிபார்ப்புப் பதிவுகள். கணக்கரைக் கட்டிப்போட்டு என்ன பயன்?

அனுப்புநர் முகவரியை மாற்றினால் மெயில் "ஸ்பேமில் விழும்" என்பது பாதி சரி. யாஹூ 2014 ஏப்ரலில் தன் டிமார்க் கொள்கையை 'நிராகரி' என்று மாற்றிய பிறகு, யாஹூ முகவரியைப் போட்டு உங்கள் சர்வரிலிருந்து அனுப்பினால் பல இடங்களில் திரும்பிவிடும். சொந்த டொமைனுக்குள் பெயர் மாறினால் அந்தச் சிக்கல் இல்லை. டிமார்க் ஒப்பிடுவது 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதைத்தான்.

"யார் அனுப்பியது என்று தெரியாது" என்பார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் மென்பொருளில் 'செண்டர் லாகின் மேப்ஸ்' என்று ஓர் அட்டவணை உண்டு: எந்த முகவரியை எந்தெந்த லாகின் பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்து, பொருந்தாததை நிராகரிக்கச் சொல்லலாம். எந்த லாகினில் போனது என்பது லாகிலும் பதிவாகும். பழவேற்காட்டு ஏரி மீனவர்களின் பாடு முறையும் ஏறக்குறைய இதுதான். நல்ல இடத்தில் வலை போட உரிமையுள்ளவர் யார் என்பதற்குப் பட்டியலும் முறையும் உண்டு. அதற்காக ஏரியை யாரும் மூடிவைப்பதில்லை.

உண்மையில் ஆளை மறைப்பது தடைதான். வேறு வழியின்றி 'செயலாளர்' கணக்கின் பாஸ்வேர்டை நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள். பிறகு லாகைப் புரட்டினாலும் ஒரே பெயர்தான் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போகும்.

எதிர்ப்பவர்கள் பேசாத ஓட்டை ஒன்று உண்டு. அந்த அட்டவணை சரிபார்ப்பது சர்வர்கள் தமக்குள் பேசும் உறை முகவரியை மட்டும். படிப்பவர் கண்ணில் படும் 'ஃப்ரம்' வரியை அது தொடுவதில்லை. அதற்குத் தனியாக மில்டர் எனும் மெயில் வடிகட்டி ஒன்றை வைக்க வேண்டும்.