ஃபெர்ரியில் போகட்டும் பிள்ளைகள்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் படிக்கப் போகும் பிள்ளையை அப்பாவே காரில் ஏற்றிப் பாலம் வழியாகப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறார். நேரம் மிச்சம்தான், பிள்ளைக்குத்தான் நட்டம். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை மாணவர், வியாபாரி, லாரி எல்லாருக்கும் ஃபெர்ரிதான் வழி. அதில் போய்வந்தவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பலவற்றைக் கற்றார்கள். கதவு மூடிவிட்டால் கெஞ்சிப் பயனில்லை. முன்கூட்டியே கிளம்ப வேண்டும். பழைய ஃபெர்ரிகளில் கட்டணம் பட்டர்வொர்த் கரையில் மட்டும்தான். திரும்பி வர இலவசம். அதற்காகச் சில்லறை முழுவதையும் தீவிலேயே செலவழித்தவன், இக்கரையில் இறங்கியதும் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீட்டுக்கு நடந்தான். மறுநாள் கணக்குப் பார்த்துச் செலவழித்தான்.

கூட்டத்தில் நிதானமாக நிற்பது இன்னும் கனமான பாடம். 1988 ஜூலை 31 அன்று, திருவிழாக் கூட்டம் நிறைந்திருந்த பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் பாரம் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்தார்கள். கூட்டத்தை அளவோடு உள்ளே விடுவது நிர்வாகத்தின் கடமை. இடமில்லை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம் என்ற நிதானம் நமக்கும் வேண்டும்.

எஸ்.பி.எம். தேர்வில் இவற்றுக்கெல்லாம் புள்ளி கிடையாது. இருந்தாலும் நான்காம் படிவப் பிள்ளையை வாரத்தில் ஒருநாளாவது தனியே ஃபெர்ரியில் அனுப்புங்கள். தாமதமானால் ஆசிரியரிடம் அவனே பதில் சொல்லட்டும். நீங்கள் போன் பண்ணாதீர்கள்.