குழந்தை வாந்தி எடுத்தால் யாரிடம் கேட்பது?

“படிக்காத சனங்க தோழர், மூடநம்பிக்கை. வேறென்ன?” போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் சொன்னது இது. வட நைஜீரியாவில் குழந்தைகளுக்கு வீடு வீடாகக் கொடுக்கப்படும் மலேரியா தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சில தாய்மார்கள் மறுக்கிறார்கள், வாங்கியவர்களிலும் சிலர் முழுதாகக் கொடுப்பதில்லை என்பதற்கு அவர் வைத்திருந்த விளக்கம் அவ்வளவுதான். பகுத்தறிவு பேசும் நம் வாயில் அந்தச் சொல் இத்தனை சுலபமாக வருவது எனக்கு உறுத்தியது.

மருந்து தேவை என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சகாராவுக்குத் தெற்கே இருக்கும் சாஹேல் பகுதியில் மலேரியா பெரும்பாலும் மழைக்காலத்தின் மூன்று நான்கு மாதங்களில்தான் கொல்கிறது. அந்த மாதங்களில் 3 மாதக் குழந்தை முதல் 5 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை மாதம் ஒருமுறை மாத்திரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. ஆய்வுகளில் மலேரியாக் காய்ச்சல் நான்கில் மூன்று பங்கு குறைந்தது. 2023இல் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 5.3 கோடிக் குழந்தைகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் மலேரியாவுக்கு உலகம் பலி கொடுத்தது 5,97,000 உயிர்கள். பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

இப்போது அந்தத் தாயின் வாசலில் நின்று பாருங்கள். குழந்தை நலமாக விளையாடிக்கொண்டிருக்கிறது. யாரோ வந்து மருந்து கொடுக்கிறார். அமோடியாகுயின் கசக்கும், சில குழந்தைகளுக்கு வாந்தி வரும். முதல் நாள் மருந்து ஊழியரின் கண்முன்னே கொடுக்கப்படுகிறது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தாயே கொடுக்க வேண்டும். நலமாக இருந்த பிள்ளை மருந்துக்குப் பிறகு துவண்டு படுத்தால், பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை. போதாக்குறைக்கு, சாஹேலில் மழைக்காலம் என்பது பழைய தானியம் தீர்ந்து புது விளைச்சல் வராத பசிக்காலம். வெறும் வயிற்றில் இந்த மருந்தைக் கொடுக்கத் தயங்கும் தாயை என்னால் மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல முடியாது. காய்ச்சல் வரும்போது கொடுக்கலாம் என்று மாத்திரையை எடுத்து வைப்பவளும் கணக்குப் போடத் தெரியாதவள் அல்ல. மருத்துவமனை தூரத்தில் இருக்கிறது, கையில் இருக்கும் மாத்திரை அவளுடைய சேமிப்பு. அந்தக் கணக்கு தவறுதான். காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பரிசோதனையும் வேறு சிகிச்சையும் வேண்டும். ஆனால் அதை அவளிடம் உட்கார்ந்து சொன்னது யார்?

சந்தேகத்துக்கு வரலாறும் உண்டு. 1996இல் வட நைஜீரியாவின் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்தான ட்ரோவானை வைத்து 200 குழந்தைகளிடம் சோதனை நடத்தியது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு ஒப்பிட வேறொரு மருந்து. 11 குழந்தைகள் இறந்தன. இது சோதனை என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை என்றார்கள் பெற்றோர். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, 2009இல் கானோ மாநில அரசுடன் சமரசம் செய்துகொண்டது.

இடையில் 2003இல் அதே கானோ போலியோ சொட்டு மருந்தை நிறுத்தி வைத்தது. மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற வதந்தி பொய். போலியோ அண்டை நாடுகளுக்கும் பரவியது, குழந்தைகள் முடமாயின. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் முடக்கம் எப்படித் தீர்ந்தது என்று கவனியுங்கள். இந்தோனேசியாவில் தயாரான மருந்து வந்தபோது கானோ ஏற்றுக்கொண்டது. அதுவும் அதே போலியோ மருந்துதான். கொண்டுவந்த கை மாறியது.

இன்று மலேரியா மாத்திரையோடு வீட்டுக்குள் போவது பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்களே. ஆண்கள் நுழைய முடியாத முற்றங்களுக்குள் பெண்கள் போகிறார்கள். இவர்களை ‘தன்னார்வலர்கள்’ என்று அழைத்துப் பிரச்சார நாட்களுக்கு மட்டும் சிறு படி கொடுப்பது வழக்கம். (ஆஷா ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் ஊக்கத்தொகை கொடுக்கும் நம் நாட்டுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.) நான்கு நாள் நடந்து நூற்றுக்கணக்கான கதவைத் தட்டுபவர் இரண்டாம் நாள் திரும்பி வந்து “பிள்ளை எப்படியிருக்கு?” என்று கேட்பதற்குக் கூலி எந்தத் திட்டத்தில் இருக்கிறது? ‘சமூக ஏற்பு’ குறைவு என்று அறிக்கை எழுதுபவர்கள் அந்தக் கூலியை முதலில் வரவு செலவுக் கணக்கில் எழுதட்டும்.