ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கசெற்



வன்னியில் வீடுகளுக்குச் செல்லும்போது, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் சுற்றி வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் இருந்து சிலர் ஒரு சின்னக் கசெற்றை எடுத்துக் காட்டுவார்கள். "இதைப் போட்டுப் பார்க்க ஒரு வழியும் இல்லையோ, பிள்ளை?" என்று கேட்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மேலே 'மினி டிவி' என்று போட்டிருக்கும். அது ரீ.வி. அல்ல, டிஜிற்றல் வீடியோ என்பதன் சுருக்கம். 1995 இல் உலகச் சந்தைக்கு வந்த வகை இது.

எங்கள் பக்கத்துக்கு இவை பெருமளவில் வந்தது 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகுதான். அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோர்ச் பற்றரிக்கே தடை இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாதை திறந்ததும் கனடாவில், லண்டனில் இருந்து வந்த உறவுகள் கையில் சிறு கமெராவுடன் வந்தார்கள். சாமத்தியவீடு, கலியாணம், கோயில் திருவிழா, ஒன்றுமில்லாவிட்டால் முற்றத்தில் கோழிக்குத் தீன் போடுவது வரைக்கும் எடுத்தார்கள். 2006 ஓகஸ்ற்றில் பாதை மறுபடி மூடப்பட்டது. அந்த நாலு வருடக் கசெற்றுகளில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் பலர் 2009 க்குப் பிறகு எங்களிடம் இல்லை. படம் முகத்தை மட்டும் காட்டும். கசெற்றில் குரல் இருக்கிறது. 2009 இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை இன்று பதினாறைக் கடந்துவிட்டது. தகப்பனின் குரலை அது கேட்டதே இல்லை.

ஆகவே முதலில் ஒன்று சொல்கிறேன். யாராவது பழைய கமெரா ஒன்று கொண்டுவந்தால், ஆவலில் உடனே கசெற்றை அதற்குள் போட்டுவிடாதீர்கள்.

காரணம் இதுதான். உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் 6.35 மில்லிமீற்றர். தடிப்போ தலைமயிரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கமெராவுக்குள் ஒரு சிறிய உருளை நிமிடத்துக்கு 9000 தடவை சுழன்றபடி இந்த நாடாவை உரசிப் படிக்கிறது. நாடாவில் ஒரு மணல் துணிக்கை இருந்தால் நாடாவும் கீறுப்படும், உருளையில் உள்ள ஹெட்டும் பழுதாகும். இடம்பெயர்ந்தபோது மண்ணுக்குள் புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுத்த கசெற்றுகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். சன்னலூடாக நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் போலப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். மண்ணோ பூஞ்சணமோ தெரிந்தால் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, பழைய வீடியோ வேலை தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். நாடாச் சுருளை மட்டும் கழற்றி நல்ல கசெற் கூட்டுக்குள் மாற்றிப் பூட்டலாம். கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் ஊசியும் கத்தியும் கொண்டு முயலவேண்டாம். வெயிலில் காயவிடுவதும் வேண்டாம்.

நல்ல நிலையில் உள்ள கசெற் என்றாலும், போடுமுன் அதன் முதுகுப்பக்கத்தில் உள்ள சின்னத் தள்ளியைப் பாருங்கள். 'றெக்', 'சேவ்' என்று இரண்டு நிலை இருக்கும். 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது. தம்பிமார் கமெராவைக் கையில் எடுத்தால் எந்தப் பொத்தானை அமத்துவார்கள் என்று சொல்ல ஏலாது.

கமெராவுக்கும் வயதாகிவிட்டது. உள்ளே ரப்பர் உருளைகள் இறுகிப்போயிருக்கும். அதனால் தேவையில்லாத பழைய கசெற் ஒன்றை முதலில் ஓடவிட்டுப் பாருங்கள். அது சிக்காமல் வெளியே வந்தால் மட்டும் உங்கள் கசெற்றைப் போடுங்கள். படம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தால் கசெற் பழுது என்று உடனே முடிவெடுக்க வேண்டாம், ஹெட்டில் அழுக்கு இருக்கலாம். அதற்கென்று சுத்தம் செய்யும் உலர் கசெற் உண்டு. பத்து விநாடி அளவில் ஓட்டினால் போதும், நெடுநேரம் ஓட்டினால் ஹெட் தேயும். நீண்ட நேரப் பதிவுக்காக 'எல்பி' முறையில் எடுத்தவை சிலவேளை எடுத்த கமெராவில் மட்டுமே ஒழுங்காக ஓடும். கனடாவில் உள்ள மாமாவிடம் அந்தக் கமெரா இன்னும் இருக்கிறதா என்று கேட்பது வீண்வேலை அல்ல. இடையில் கரண்ட் நின்றால் நாடா உள்ளே சுற்றியபடி நிற்கும். மூடியை நெம்பக்கூடாது. மின்சாரம் வந்த பிறகு கமெராவே வெளியே தள்ளட்டும். மாரி காலத்தில் 'ஈரம்' என்ற எச்சரிக்கை வந்தால் ஒரு மணித்தியாலமாவது நிறுத்தி வையுங்கள்.

வைக்கும் இடம்தான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்த இரும்புப் பெட்டி, பங்குனி சித்திரையில் அடுப்பு மாதிரிச் சூடாகும். கார்த்திகை மார்கழியில் வேர்க்கும். கசெற்றை அதன் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில், மருந்துப் போத்தலுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, நிமிர்த்தி அடுக்கி, வீட்டிலே குளிர்ச்சியான மூலையில் நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இவ்வளவு கவனித்தாலும் நாடா நிரந்தரமல்ல. அவுஸ்திரேலியத் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015 இலேயே, பத்து வருடத்துக்குள் மாற்றாத நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்படும் என்று எச்சரித்தது. 2019 இல் யுனெஸ்கோவும் இதே கவலையை எழுப்பியது. நாடா கெடுமுன்பே கருவிகள் இல்லாமற் போகின்றன என்பதும் ஒரு காரணம். பெரிய கறுப்பு விஎச்எஸ் கசெற்றுக்கான டெக்கைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பான் பூனாய் நிறுவனம் 2016 இல் அதை நிறுத்திவிட்டது.

ஆகவே பிரதி எடுப்பதுதான் வழி. ஸ்ரூடியோவில் கேட்கும்போது, 'ஃபயர்வயர்' வயரால் கணினிக்கு நேரடியாக எடுப்பீர்களா என்று கேளுங்கள். அப்படி எடுத்தால் தரம் குறையாது. ஒரு மணித்தியாலக் கசெற்றுக்கு 13 ஜிகாபைற் வரை இடம் பிடிக்கும், ஓடி முடிய ஒரு மணித்தியாலமும் ஆகும். அதைக் குறுக்க வழியில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பவேண்டாம். கையடக்கத் தொலைபேசியில் பார்க்கச் சிறிய பிரதி ஒன்றும் கேளுங்கள். முழுப் பிரதியை இரண்டு பென்டிரைவில் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எழுதிய சீடியை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம், அதுவும் கெடும். கூடுமானால் பிரதி எடுக்கும்போது நீங்களே பக்கத்தில் இருங்கள், ஸ்ரூடியோக் கணினியில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள். சாமத்தியவீட்டு வீடியோவில் உள்ள பிள்ளை இன்று குடும்பப் பெண். அவளைக் கேளாமல் முகநூலில் போடுவது சரியல்ல.

2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று அடுத்தடுத்துப் படங்களும் கடிதங்களும் கொடுத்துக் களைத்த தாய்மாரை நான் அறிவேன். எங்கே கொடுப்பதானாலும் பிரதியைக் கொடுங்கள், கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூலக் கசெற் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது.

பார்ப்பது பற்றியும் ஒரு சொல். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்பது சாதாரண விடயமல்ல. முதல் தடவை தனியே இருந்து பார்க்காதீர்கள், இரவிலும் வேண்டாம். ஒரு தங்கச்சியோ அயலில் உள்ள அக்காவோ பக்கத்தில் இருக்கட்டும். பார்க்க மனமில்லை என்றால் பார்க்காமலே பிரதி எடுத்து வைக்கலாம். அதிலும் தவறில்லை. பிள்ளை கேட்கிற நாளில் அது இருக்கும்.

பார்க்கத் துணிந்த வீடுகளில் நான் ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டுவரச் சொல்வேன். அம்மம்மா பக்கத்தில் இருக்கவேண்டும். எத்தனையாம் நிமிடத்தில் யார் வருகிறார், என்ன உறவு, எந்த ஊர் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதவேண்டும். "நாலாம் நிமிடம், நீலச் சேட்டு, பந்தல் கட்டுறவர், பெரியத்தான்ர மகன்." அம்மம்மாவுக்கும் வயதாகிறது. இதைக் கசெற்றுக்கு முந்தியே செய்தாலும் நல்லது.