பெருநாள் பயணமும் ஒரு குருவியும்



பெருநாள் நெருங்குகிறது. இம்முறையும் எமது ஊரிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு வேன்கள் புறப்படும். அதற்கு முன் ஒரு விடயத்தை எழுதிவிட நினைத்தோம்.

பட்டிப்பொலப் பக்கமாக ஏறும்போது தெருவோரம் சின்னக் குளமொன்று இருக்கிறதே, அரெங்கா குளம். அரெங்கா என்பது ஒரு குருவியின் பெயர் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வகுப்பில் கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை. பிள்ளைகளைக் குறைசொல்லி என்ன, எங்களுக்கே பிந்தித்தான் தெரிய வந்தது.

உலகத்தில் இலங்கையில் மட்டும், அதிலும் மத்திய மலைநாட்டின் குளிர்க் காடுகளில் மட்டும் வாழும் குருவி இது. சுமார் 20 சென்டிமீட்டர். ஆண் கருநீலம், பெண் மண்ணிறம். இரண்டுக்கும் தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. ஓடையோரத்து இருட்டில் நத்தை, பூச்சி, சிறு தவளை பிடித்துத் தின்னும். சரியான கூச்ச சுபாவம். விடியும்போதும் பொழுதுபடும்போதும்தான் வெளியில் வரும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு முட்டைதான் இடும். 1872இல் இதை விவரித்து எழுதியபோது பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயரை வைத்தார்கள். இதன் காட்டை அழித்ததில் பெரும்பங்கு கோப்பிக்குத்தான்! பிறகு தேயிலை வந்தது, மரக்கறித் தோட்டம் வந்தது. இன்று மிஞ்சியிருப்பவை துண்டு துண்டான காடுகள். அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

போன பெருநாளைக்கு நாம் கண்டதைச் சொல்கிறோம். வாசலில் பொலித்தீன் பார்ப்பார்கள் என்று தெரிந்து, வழியிலேயே சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டு லஞ்ச் ஷீட்டை ஓடையில் வீசுகிறோம். வேனில் பாட்டு அலறுகிறது. ஒரு தம்பி போனில் இந்தக் குருவியின் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். தன் இடத்துக்கு வேறொரு குருவி வந்துவிட்டதென்று அது பதறி வெளியே வரும், படம் எடுக்கலாம். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம் அப்படிப் போகிறது. அவர் கெட்டவரல்ல, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மனுசன் சாமான் விலையில் சாகிறான், உங்களுக்குக் குருவியா சேர்?" என்று ஒரு பெற்றார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கும் மலை அது. குருவி நிற்கும் ஓடையும் நாம் ஷீட் வீசும் ஓடையும் ஒன்றுதான். அதைக் காப்பாற்றச் சல்லி தேவையில்லை, வீசாமல் இருந்தால் போதும்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டை டிபன் பெட்டியில் கொண்டு போங்கள். குளத்தடியில் பாட்டை நிறுத்துங்கள், ஹோன் அடிக்காதீர்கள். குருவிச் சத்தத்தைப் போனில் போடவே வேண்டாம். பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளோடு நாமும் போகிறோம். வேனில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. வருகிற வாப்பாமார் விடியற்காலை மூன்றரைக்குப் பள்ளிவாசலடியில் நிற்க வேண்டும்.